விக்டரி பாயின்ட் தாளும் கிரீன்லாந்துக் கடிதங்களும்: பிராங்க்ளின் பயணத்தின் எழுத்துகளை எப்படி வாசிப்பது?

#1 பனிவிரிப்பு

பிராங்க்ளின் பயணம் என்றாலே பேச்சு நேராக ஈயம், தகர டப்பா, மனித மாமிசம் என்று போய்விடுகிறது. இந்த இழையில் அவர்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பேசலாமா?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1845 மே 19 அன்று சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியை (வட அமெரிக்காவின் வடக்கே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வழியை) தேடி கிரீன்ஹைத்திலிருந்து கிளம்பின. 134 பேர். கிரீன்லாந்திலிருந்து 5 பேரைத் திருப்பி அனுப்பியபின் 129. அவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. நம் கைக்கு வந்த எழுத்து பெரும்பாலும் இரண்டு கொத்து. ஒன்று, 1845 ஜூலையில் டிஸ்கோ விரிகுடாவின் வேல்ஃபிஷ் தீவுகளிலிருந்து, கூடவே வந்த பாரெட்டோ ஜூனியர் என்ற சரக்குக் கப்பல் திரும்பியபோது கொடுத்தனுப்பிய கடிதங்கள். இன்னொன்று, 1859 மே மாதம் கிங் வில்லியம் தீவின் விக்டரி பாயின்ட் அருகே, அவர்களைத் தேடி வந்த லெப்டினன்ட் ஹாப்சன் கண்டெடுத்த ஒற்றைத் தாள். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்குக் கப்பல் நாட்குறிப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

என் கேள்விகள்:
அந்தத் தாளில் குளிர்கால ஆண்டு தப்பாக இருக்கிறதே, அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது?
'எல்லோரும் நலம்' என்று எழுதி இரண்டே வாரத்தில் தளபதி இறக்கிறார். மறைத்தார்களா?
கப்பல்களைக் கைவிட்ட இடத்தை அந்தத் தாளை மட்டும் வைத்துக் கணக்கிட முடியுமா?

#2 கலங்கரை

முதலில் தாளில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுவோம். பாதிச் சண்டை அதை முழுசாகப் படிக்காததால் வருவது.

அது வெற்றுத் தாள் அல்ல, அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை) அச்சடித்துக் கொடுத்த படிவம். கப்பல் பெயர், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை நிரப்ப மேலே இடம். கீழே ஆறு மொழிகளில் (ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், டச்சு, டேனிஷ், ஜெர்மன்) ஒரே வேண்டுகோள்: இதைக் கண்டெடுப்பவர், கண்ட இடத்தையும் நேரத்தையும் குறித்து லண்டனில் அட்மிரால்டி செயலருக்கு அனுப்பவும், அல்லது அருகிலுள்ள துறைமுகத்தின் பிரிட்டிஷ் தூதரிடம் கொடுக்கவும். 65° வடக்கைத் தாண்டியபின் இத்தகைய தாள்களைப் புட்டியிலோ செப்புக் குழலிலோ அடைத்துக் கடலில் வீச வேண்டும் என்பது பிராங்க்ளினுக்குக் கொடுத்த கட்டளையிலேயே உண்டு. கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிவதுதான் படிவத்தின் முதல் வேலை. உதவி கேட்கும் கடிதமாக அதை யாரும் வடிவமைக்கவில்லை.

முதல் குறிப்பு, 28 மே 1847. சாரம்: கப்பல்கள் 70° 5' வ, 98° 23' மே என்ற இடத்தில் பனியில் குளிர்காலத்தைக் கழித்தன. 1846-7இல் பீச்சி தீவில் குளிர்காலம். அதற்கு முன் வெலிங்டன் கால்வாயில் 77° வரை ஏறி, கார்ன்வாலிஸ் தீவின் மேற்குப் பக்கமாகத் திரும்பினோம். சர் ஜான் பிராங்க்ளின் தலைமை. எல்லோரும் நலம். 2 அதிகாரிகளும் 6 ஆட்களும் கொண்ட குழு 1847 மே 24 திங்களன்று கப்பலை விட்டுக் கிளம்பியது. கையொப்பம்: லெப்டினன்ட் கோர், மேட் (இளநிலை அதிகாரி) டெ வோ.

இரண்டாவது குறிப்பு, 25 ஏப்ரல் 1848, அதே தாளின் ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதியது. சாரம்: 1846 செப்டம்பர் 12 முதல் பனியில் சிக்கியிருந்த கப்பல்களை ஏப்ரல் 22 அன்று கைவிட்டோம். இங்கிருந்து வட-வடமேற்கே 5 லீக் தூரம். டெரர் கப்பலின் தலைவர் குரோசியர் தலைமையில் 105 பேர் 69° 37' 42" வ, 98° 41' மே இடத்தில் கரையேறினோம். முன்பு இந்தப் பக்கம் வந்த சர் ஜேம்ஸ் ராஸ் 1831இல் கட்டியதாகக் கருதப்படும் கற்குவியலில், 4 மைல் வடக்கே, மறைந்த கமாண்டர் கோர் 1847 ஜூனில் வைத்த இந்தத் தாளை லெப்டினன்ட் இர்விங் எடுத்தார். ராஸின் தூண் கிடைக்கவில்லை. பிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று இறந்தார். இதுவரை 9 அதிகாரிகள், 15 ஆட்கள் மரணம். எரிபஸின் தலைவர் ஃபிட்ஸ்ஜேம்ஸ், குரோசியர் கையொப்பம். கடைசியில் குரோசியர் தன் கையால் சேர்த்த ஒரு வரி: நாளை 26 அன்று பேக்கின் மீன் ஆற்றுக்கு (தெற்கே பெருநிலத்தில் உள்ளது) கிளம்புகிறோம்.

குழு எதற்குக் கிளம்பியது, கப்பலை ஏன் விட்டார்கள், உணவு எவ்வளவு இருக்கிறது, யாருக்கு என்ன நோய்: ஒன்றுமே இல்லை. படிவம் கேட்காததை அவர்களும் எழுதவில்லை.

#3 சுக்கான்

ஆண்டுப் பிழைக்கு வருகிறேன். பீச்சி தீவுக் குளிர்காலம் 1845-46. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அங்கே மூன்று கல்லறைகள் இருக்கின்றன: டாரிங்டன் 1846 ஜனவரி 1, ஹார்ட்னெல் ஜனவரி 4, பிரெய்ன் ஏப்ரல் 3. மேலும் அதே தாளின் இரண்டாவது குறிப்பு 1846 செப்டம்பர் 12 முதல் பனியில் சிக்கியதாகச் சொல்கிறது. 1846-47 குளிர்காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

எந்த எண்ணை நம்பலாம் என்று பார்க்க ஒரு எளிய சோதனை, கிழமை. 1847 ஜனவரி 1 வெள்ளி. மே 24 அந்த ஆண்டின் 144ஆவது நாள். இடையில் 143 நாள், 7ஆல் வகுத்தால் மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளினால் திங்கள். தாளும் திங்கள் என்கிறது. 1846 மே 24 ஞாயிறு. ஆக, எழுதியவருக்கு அன்றைய நாளும் ஆண்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது. தப்பு, கடந்த காலத்தைச் சுருக்கிச் சொன்ன வரியில் மட்டும்.

இன்னொரு பிழையும் உண்டு, அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஜேம்ஸ் ராஸ் விக்டரி பாயின்டுக்கு வந்தது 1830 மே மாதம். தாளில் 1831 என்று இருக்கிறது. 1831 அவர் பூத்தியாவில் காந்த துருவத்தைக் குறித்த ஆண்டு. இரண்டு குறிப்புகளின் கையெழுத்தும், கையொப்பங்களும் குரோசியரின் வரியும் நீங்கலாக, ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது. ஒரே கை, ஒரே மாதிரிப் பிழை.

#4 கீழைக்காற்று

இதைத்தான் ஈய நஞ்சுக்குச் சான்று என்று பலர் காட்டுகிறார்கள். மூளை குழம்பிய அதிகாரி ஆண்டையே மறந்துவிட்டார் என்று. 1984, 86இல் பீச்சி தீவு உடல்களைத் தோண்டி ஆராய்ந்த ஓவன் பீட்டியின் குழு ஈய அளவு அதிகம் என்று சொன்னதே?

#5 கலங்கரை

ஈயம் உடலில் இருந்தது உண்மை. அது அன்றைய பிரிட்டனில் யார் உடலில் இல்லை என்பதுதான் பின்னால் வந்த ஆய்வுகளின் கேள்வி. எலும்புகளில் ஈயம் எப்போது படிந்தது என்று 2018இல் வெளியான ஒரு ஆய்வு அடுக்கடுக்காகப் பார்த்தது. பயணத்தின்போது திடீரென்று ஏறியதாக அது காட்டவில்லை. அந்தச் சண்டைக்கு இன்னொரு இழை வேண்டும்.

இங்கே முக்கியமானது வேறு. இதே படிவத்தின் இரண்டாவது பிரதி ஒன்றையும் ஹாப்சன் கண்டெடுத்தார், சில மைல் தெற்கே, கோர் பாயின்ட் அருகே. அதிலும் முதல் குறிப்பு மட்டும், அதே 1846-7 பிழையோடு. அதாவது கப்பலில் உட்கார்ந்து ஒன்றை நிரப்பி, அதைப் பார்த்து இன்னொன்றை நிரப்பியிருக்கிறார். மூலத்தில் தப்பினால் பிரதியிலும் தப்பும். அலுவலகத்தில் படிவம் நிரப்பும் எவருக்கும் தெரிந்த விஷயம். ஒரு ஆண்டு எண்ணை வைத்து நரம்பு நோய் சொல்வது கை ரேகை பார்ப்பதற்குச் சமம்.

'எல்லோரும் நலம்' பற்றி: பிராங்க்ளினின் கையொப்பம் இல்லையே, அப்போதே படுக்கையில் கிடந்தாரோ என்று கேட்கிறார்கள். சறுக்குவண்டிக் குழு எடுத்துப்போகும் வழக்கமான தாளில் குழுத்தலைவர்கள் கையொப்பமிட்டார்கள், அவ்வளவுதான். மே 28க்கும் ஜூன் 11க்கும் இடையே 14 நாள். அந்த வயதில் (61 ஆகியிருந்தது) 14 நாளில் சாக நோய்க்கு என்ன பஞ்சம்?

இன்னொன்றைக் கவனியுங்கள். முதல் குறிப்பில் கோர் லெப்டினன்ட், இரண்டாவதில் 'மறைந்த கமாண்டர்'. ஆகவே அவர் அந்த நடையிலிருந்து உயிரோடு திரும்பியிருக்கிறார். தளபதி இறந்து ஒரு படி காலியானபின் பதவி உயர்ந்திருக்கிறார், அப்புறம்தான் இறந்திருக்கிறார். இது ஊகம், ஆனால் பட்டத்தை மாற்றி எழுதியதற்கு வேறு விளக்கம் கடினம்.

#6 சுக்கான்

கைவிட்ட இடத்தின் கணக்கு. காகிதம் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1 லீக் = 3 கடல் மைல். 5 லீக் = 15 கடல் மைல். வட-வடமேற்கு என்றால் வடக்கிலிருந்து மேற்கே 22.5°.

வடக்குப் பங்கு: 15 × கோசைன் 22.5° = 13.9 கடல் மைல். அட்சரேகையில் 1 கடல் மைல் = 1'. ஆக 69° 37.7' + 13.9' = 69° 51.6' வ.

மேற்குப் பங்கு: 15 × சைன் 22.5° = 5.7 கடல் மைல். இந்த அட்சரேகையில் தீர்க்கரேகையின் 1' சுமார் 0.345 கடல் மைல்தான். 5.7 ÷ 0.345 = 16.6'. ஆக 98° 41' + 17' = 98° 58' மே.

இதை 1847 மே குறிப்பின் 70° 5', 98° 23' உடன் ஒப்பிடுங்கள். தெற்கே 13.4 கடல் மைல், மேற்கே சுமார் 12. மொத்தம் 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டர் சொச்சம். பதினொரு மாதத்தில் இவ்வளவுதான் பனி நகர்ந்திருக்கிறது. 1847 கோடையில் பனி விடவில்லை என்பதைத் தாள் எங்கும் சொல்லவில்லை, இந்தக் கழித்தல் கணக்கு சொல்கிறது.

எச்சரிக்கை: ஃபிட்ஸ்ஜேம்ஸ் அட்சரேகையை விநாடி வரை கொடுக்கிறார், தீர்க்கரேகையை நிமிடத்தோடு நிறுத்துகிறார். காரணம் உண்டு. தரையில் நின்று, பாதரசத் தட்டில் சூரியனின் பிம்பத்தைப் பார்த்து செக்ஸ்டன்டில் எடுத்தால் அட்சரேகை நன்றாக வரும். தீர்க்கரேகை குரோனோமீட்டரை நம்பியது. 4 விநாடி தவறினால் 1', அது இங்கே ஏறத்தாழ 640 மீட்டர். ஒரு நிமிடம் தவறினால் 15', கிட்டத்தட்ட 10 கி.மீ. மூன்று ஆண்டு கப்பலில் கிடந்த கடிகாரம். எனவே தெற்கு நகர்வை நம்புங்கள், மேற்கு நகர்வைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

#7 தாழை

ஒரு சந்தேகம். காந்த துருவத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். திசைகாட்டி எப்படி வேலை செய்யும்? அந்த 'வட-வடமேற்கு' காந்தத் திசையாக இருந்தால் உங்கள் கணக்கு முழுதும் போயிற்றே.

#8 சுக்கான்

நல்ல கேள்வி. 1831இல் ராஸ் குறித்த காந்த துருவம் 70° 5' 17" வ, 96° 46' 45" மே. கப்பல்கள் சிக்கிய இடம் 70° 5' வ, 98° 23' மே. அட்சரேகை ஒன்றே, இடைவெளி சுமார் 33 கடல் மைல். அங்கே காந்த விசை ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். படுக்கைவாட்டில் இழுக்கும் விசை மிகக் குறைவு என்பதால் ஊசி சோம்பேறியாகிவிடும், தட்டினால் வேறு பக்கம் நிற்கும். அதனால் அந்தக் கடலில் திசையை மாலுமிகள் சூரியனின் நேரத்தையும் கோணத்தையும் வைத்தே எடுத்தார்கள். 1820களின் துருவப் பயணத் தலைவர் பாரியின் பயணங்களிலிருந்தே அது பழக்கம், குரோசியர் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். எனவே உண்மை வடக்கு என்று எடுப்பதே பொருத்தம்.

போகிற போக்கில் இன்னொரு கணக்கு. 105 + 9 + 15 = 129. ஆட்கணக்கு துல்லியம். கிளம்பும்போது 24 அதிகாரிகள், 110 ஆட்கள் என்பது வழக்கமான எண். திரும்பிய 5 பேர் போக 105 ஆட்கள். அதிகாரிகளில் 24க்கு 9, அதாவது 37.5%. ஆட்களில் 105க்கு 15, அதாவது 14%. 'அதிகாரி' என்று ஃபிட்ஸ்ஜேம்ஸ் யாரைக் கணக்கில் எடுத்தார் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். ஆனாலும் இடைவெளி பெரிது.

#9 மைக்கூடு

தாளின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதன் மேல் பழுப்புத் துருக்கறைகள் இருக்கின்றன. தகரக் குழல் என்பது தகரம் பூசிய இரும்புத் தகடு. ஈயம் பற்றவைத்து மூடியிருக்கும்வரை உள்ளே ஈரம் போகாது. திறந்து எழுதி மறுபடி வைக்கும்போது, அந்தக் கரையில், ஏப்ரல் குளிரில், பற்றவைக்க அடுப்பும் கம்பியும் வேண்டும். அது நடக்காவிட்டால் ஒவ்வொரு கோடையும் உருகும் பனி உள்ளே புகுந்து இரும்பைத் தின்னும், துரு காகிதத்துக்கு ஏறும். பதினொரு ஆண்டு கழித்து எடுக்கும்போது அது கற்குவியலின் உச்சியிலிருந்து சரிந்த கற்களுக்கிடையில் கிடந்தது.

கற்குவியல் முறையில் எது சொதப்பும் என்று பட்டியல் போடலாம்: கரடி கலைக்கும். இனுயிட் மக்கள் உலோகத்துக்காகத் திறப்பார்கள், அது அவர்கள் ஊர், உலோகம் அவர்களுக்கு அரிது, தப்பே இல்லை. பனி மூடும். எல்லாவற்றையும்விட மோசமானது, தேடி வருபவர் தப்பான கற்குவியலைப் பார்ப்பது. 1848இல் இர்விங்குக்கே அதுதான் நடந்தது. ராஸின் தூண் என்று நினைத்த இடத்தில் கோர் வைத்திருக்கிறார், அது 4 மைல் தள்ளி.

இதற்குத் தேடல் குழுக்கள் கண்டுபிடித்த மருந்து: கற்குவியல் வெறும் அடையாளம். காகிதம் அதிலிருந்து உண்மை வடக்கே 10 அடியில் மண்ணுக்குள். மேலே கலைந்தாலும் கீழே இருக்கும். ஹாப்சனின் தலைவர் மெக்கிளின்டாக் ஃபாக்ஸ் கப்பல் பயணத்தில் இதைக் கடைப்பிடித்தார்.

முறை வேலை செய்த கதையும் ஒன்று உண்டு. பிராங்க்ளினைத் தேடிப் போய், இன்வெஸ்டிகேட்டர் கப்பலோடு மெர்சி விரிகுடாவில் சிக்கிய மெக்ளூர், 1852 ஏப்ரலில் மெல்வில் தீவின் வின்டர் ஹார்பருக்கு நடந்தார். அங்கே ஒரு பெரிய மணற்பாறை, பாரியின் ஆட்கள் எழுத்து வெட்டியது, அந்தப் பக்கம் வருகிற எவரும் போய்ப் பார்க்கும் இடம். 1851இல் மெக்கிளின்டாக் வைத்துப்போன குறிப்பு அங்கே இருந்தது. மெக்ளூர் தன் குறிப்பை வைத்துவிட்டுத் திரும்பினார். அக்டோபரில் ரெசல்யூட் கப்பலின் மெக்கம் அதை எடுத்தார். 1853 ஏப்ரல் 6 அன்று லெப்டினன்ட் பிம் மெர்சி விரிகுடாவை எட்டியபோது, பலவீனமானவர்களை நடக்க அனுப்பும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எழுதியதற்கும் மீட்புக்கும் இடையே ஓராண்டு, ஆனாலும் உயிர் மிஞ்சியது. இடத்தேர்வுதான் வித்தியாசம். மெக்ளூர் வைத்தது யாரும் வரக்கூடிய இடத்தில். விக்டரி பாயின்டுக்கு 1848இல் யார் வருவார்கள்?

#10 பனிவிரிப்பு

அப்படியானால் பீச்சி தீவு? அது லங்காஸ்டர் நீரிணையின் வழியிலேயே இருக்கிறது. முழுக் குளிர்காலம் தங்கினார்கள், பட்டறை இருந்தது, ஈயம் பற்றவைக்க ஆள் இருந்தான். 1850 ஆகஸ்டில் தேடி வந்தவர்கள் சல்லி நிரப்பிய தகர டப்பாக் குவியல்களைப் பிரித்தார்கள், கற்குவியலையும் பிரித்தார்கள். ஒரு காகிதமும் இல்லை.

#11 கலங்கரை

பனி திடீரென்று விலகியதால் அவசரமாகக் கிளம்பினார்கள் என்பது பழைய விளக்கம். எனக்கு அது போதவில்லை. குளிர்காலம் முழுக்க எழுத நேரம் இருந்தது. அந்த ஒரு தாள், 'கேப் வாக்கர் பக்கம் போகிறோம், அங்கிருந்து தெற்கே' என்று இரண்டு வரி இருந்திருந்தால், அடுத்த நான்கு ஆண்டுத் தேடல் வடக்கே வெலிங்டன் கால்வாய்ப் பக்கம் வீணாகியிருக்காது. மொத்தப் பயணத்தின் மிகப் பெரிய எழுத்துத் தவறு என்று நான் சொல்வது இதைத்தான், ஆண்டு எண்ணை அல்ல.

#12 மைக்கூடு

கிரீன்லாந்துக் கடிதங்களுக்கு வருவோம், அவைதான் பொக்கிஷம். 1845 ஜூலை 12 வாக்கில் சரக்குக் கப்பல் பிரிந்தது. அதற்கு முந்தைய சில நாளில் எல்லோரும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

மூன்று பேரை ஒப்பிட்டால் போதும்.

ஃபிட்ஸ்ஜேம்ஸ், எலிசபெத் கானிங்ஹாமுக்கு எழுதியது நாட்குறிப்பு வடிவக் கடிதம். சக அதிகாரிகளைக் கேலியும் பாசமுமாக ஆளுக்கு ஒரு பத்தி வரைந்திருக்கிறார். 1852இல் நாட்டிக்கல் மேகசினில் அச்சானது. அச்சில் வந்ததைப் படிக்கும்போது, அச்சுக்குப் போகுமுன் வெட்டுவார்கள், மென்மையாக்குவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக் கூடாது.

பிராங்க்ளின், கர்னல் சபைனுக்கு எழுதியதில் ஒரு ஆபத்தான வரி. குறித்த காலத்தில் திரும்பாவிட்டால் மனைவியும் மகளும் கவலைப்பட வேண்டாம், இரண்டாவது குளிர்காலத்துக்குப் பிறகும் உணவும் உடல்நலமும் இடம்கொடுத்தால் வேறு வழி பார்ப்போம் என்கிறார். அன்பாக எழுதியது. மூன்று ஆண்டு உணவோடு போனவர் எழுதிய இப்படியொரு வரி, 1847இல் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று சொன்னவர்களுக்கு வசதியாகத்தானே இருந்திருக்கும்?

குரோசியர், பழைய தோழர் ஜேம்ஸ் கிளார்க் ராஸுக்கு ஜூலை 9 அன்று எழுதியது முற்றிலும் வேறு குரல். தனிமை, நீ இங்கே இருந்திருக்கலாமே என்ற ஏக்கம், அதோடு ஒரு தொழில்முறைக் கவலை: தாமதமாகிவிட்டது, சுற்றிப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது, பனிக்குள் முட்டி மோதி இன்னொரு 1824 ஆக்கிவிடுவோம் என்று.

1824 என்றால் பாரியின் மூன்றாவது பயணம். பாஃபின் விரிகுடாப் பனியில் வாரக்கணக்கில் மாட்டி, லங்காஸ்டர் நீரிணைக்குத் தாமதமாக வந்து, போர்ட் போவனில் குளிர்காலம். அடுத்த ஆண்டு ஃபியூரி கப்பலையே சோமர்செட் கரையில் இழந்தார்கள். குரோசியர் அந்தப் பயணத்தில் இளைஞராக இருந்தவர். பொத்தாம்பொதுவான அச்சமல்ல, ஆண்டு போட்ட அச்சம்.

எங்கே பார்ப்பது: குரோசியரின் கடிதம் கேம்பிரிட்ஜில் ஸ்காட் போலார் ஆய்வு நிறுவனத்தில். விக்டரி பாயின்ட் தாள் கிரீன்விச் தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில். பிராங்க்ளின் குடும்பக் கடிதங்களில் பெரும்பகுதி, மகள் எலினோர் கெல் குடும்பத்தில் மணந்ததால், டெர்பிஷைர் ஆவணக் காப்பகத்தில். அட்மிரால்டி கோப்புகள் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில்.

படியெடுப்பவர்களுக்கு: காகிதம் மிச்சம் பிடிக்க நேர்வாக்கில் எழுதி முடித்தபின் தாளைத் திருப்பிக் குறுக்கேயும் எழுதுவார்கள். ஒரு திசையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், மாறி மாறிப் படித்தால் வாக்கியங்கள் பின்னிக்கொள்ளும். கப்பல் நாள் நண்பகலில் தொடங்கும் என்று பயந்து தேதியை மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படை 1805லேயே நள்ளிரவு நாளுக்கு வந்துவிட்டது.

#13 கீழைக்காற்று

குரோசியரின் கடிதத்தைத் தீர்க்கதரிசனம் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முடிவு தெரிந்தபின் படிப்பதால் அப்படித் தெரிகிறது. அவர் பயந்தது தாமதத்தை. அந்த ஆண்டு நடந்ததோ எதிர்மாறு. அவர்கள் லங்காஸ்டர் நீரிணைக்குள் புகுந்து, 77° வரை ஏறி, ஒரு தீவைச் சுற்றி, பீச்சிக்கும் வந்து சேர்ந்தார்கள். 1845 பருவம் அருமையான பருவம். மாட்டியது அடுத்த ஆண்டு, வேறு இடத்தில், வேறு காரணத்தால்: வடமேற்கிலிருந்து பழைய கடினப் பனி இறங்கிவரும் பாதையில் போய் நின்றார்கள். கிங் வில்லியம் தீவின் கிழக்குப் பக்கம் நீர்வழி உண்டு என்று அவர்கள் வரைபடத்தில் இல்லை.

#14 கலங்கரை

ஒத்துக்கொள்கிறேன், குறிப்பாகக் கடைசி இரண்டு வாக்கியங்கள். 1824 ஒப்பீடு அவர் மனநிலைக்குச் சான்று, பயணத்தின் போக்குக்கு அல்ல.

நாட்குறிப்புகள் எங்கே போயின என்ற கேள்விக்கு இரண்டு தடயம். மெக்கிளின்டாக் எரிபஸ் விரிகுடாவில் கண்ட 28 அடிப் படகு, சறுக்குவண்டியோடு சேர்த்து சுமார் 1,400 பவுண்டு எடை என்று மதிப்பிட்டார். அதில் 40 பவுண்டு சாக்லேட், வெள்ளிக் கரண்டிகள், சில சிறு பக்திப் புத்தகங்கள், ஒரு நாவல். ஒரு நாட்குறிப்பும் இல்லை. படகின் முனை கப்பல்கள் இருந்த திசையை நோக்கியிருந்தது. இன்னொன்று, 1879இல் தேடி வந்த ஷ்வாட்காவின் குழு கேட்ட இனுயிட் சாட்சியம். பெருநிலக் கரையில், பின்னாளில் ஸ்டார்வேஷன் கோவ் என்று பெயரிட்ட இடத்தில், எலும்புகளோடு ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தன, பிள்ளைகள் விளையாடிக் கிழித்துவிட்டார்கள் என்று. அதுதான் கப்பல் ஆவணங்கள் என்றால், தூக்கிக்கொண்டு கடைசி வரை நடந்திருக்கிறார்கள்.

இனுயிட் சாட்சியத்தைத் தள்ளிவைப்பவர்களுக்கு: 1854இல் ஆர்க்டிக் பயணி ஜான் ரே அட்மிரால்டிக்கு அனுப்பிய அறிக்கையில், பசியில் சக மனிதரைத் தின்றார்கள் என்று இனுயிட் மக்களிடம் கேட்டதை எழுதினார். அக்டோபர் 23 அன்று அது டைம்ஸில் வந்ததும் லண்டன் கொதித்தது, சார்லஸ் டிக்கன்ஸ்கூட இனுயிட் மக்கள் சொல்லை நம்ப முடியாது என்று எழுதினார். 1990களில் எரிபஸ் விரிகுடா எலும்புகளில் கத்தி வெட்டுகள் கண்டறியப்பட்டன. 2024இல் வெட்டுள்ள ஒரு தாடை எலும்பு மரபணு ஒப்பீட்டில் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று உறுதியானது. விக்டரி பாயின்ட் தாளை எழுதிய அதே ஃபிட்ஸ்ஜேம்ஸ். அங்கிருந்து சுமார் 80 கி.மீ. தெற்கே கிடைத்த எலும்பு. இரண்டு கப்பல்களையும் 2014, 2016இல் கண்டுபிடிக்கவும் இனுயிட் அறிவே வழிகாட்டியது.

#15 தாழை

பெக்லர் காகிதங்களை ஏன் யாரும் சொல்லவில்லை? அவையும் எழுத்துதானே. தலைகீழாக எழுதியவை.

#16 சுக்கான்

தலைகீழ் அல்ல, சொற்களின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக வரிசை மாற்றி எழுதியவை. டெரர் கப்பலின் ஹாரி பெக்லர் என்ற மாலுமியுடையவை. 1859இல் தீவின் தென்கரையில் ஓர் எலும்புக்கூட்டோடு கிடைத்தன. உடையை வைத்துப் பார்த்தால் இறந்தவர் பெக்லர் அல்ல, பணியாளர் ஒருவர் என்பதே பொதுக் கருத்து. நண்பனின் காகிதங்களைச் சுமந்திருக்கலாம். பெரும்பகுதி பாட்டு, பழைய நினைவுகள், கடலோடிகளின் கிண்டல். பயணத்தின் வரலாற்றை அதிலிருந்து பிழிய முயன்றவர்கள் பலர், தேறியது கொஞ்சம். ரகசியச் சங்கேதம் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

#17 பனிவிரிப்பு

கடைசியாக ஒன்று. எரிபஸிலிருந்து 2022இல் பார்க்ஸ் கனடா முக்குளிப்பாளர்கள் ஒரு தோல் அட்டைப் புத்தகம் எடுத்தார்களே, உள்ளே தாள்களோடு. அதில் எழுத்து மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டா?

#18 மைக்கூடு

தளபதியின் பணியாளர் அறைப் பகுதியில் எடுத்தது, அட்டைக்குள் ஓர் இறகுப் பேனாவும் செருகியிருந்தது. சாதகங்கள்: நீர் உறைநிலையை ஒட்டியது, வண்டலுக்குள் ஆக்சிஜன் குறைவு, அக்காலக் காகிதத்தில் துணிநார் அதிகம், மரக்கூழ் போல் அமிலத்தால் நொறுங்காது. பாதகம் மை. இரும்பு-கடுக்காய் வகை மை தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் ஊறினால் இரும்பு கரைந்து வெளியேறி, கறுப்பு போய் வெளிர்மஞ்சள் தடம்தான் மிஞ்சும், சில நேரம் அதுவும் இராது. அந்தத் தடத்தைப் பல அலைநீள ஒளியில் படமெடுத்து மீட்க முயல்வார்கள். பென்சிலில் எழுதியிருந்தால் கவலையே இல்லை, கரி எதிலும் கரையாது. குளிரில் மை உறையும் என்பதால் துருவப் பயணங்களில் பென்சில் நிறையப் புழங்கியது.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். எடுத்ததும் உலரவிடக் கூடாது, உலர்ந்தால் தாள்கள் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். குளிர்நீரிலேயே வைத்து, உப்பைப் படிப்படியாக நன்னீரால் கழுவி இறக்குவார்கள். வண்டலை நுண்தூரிகையால் எடுப்பார்கள். பிறகு உறையவைத்து வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கி உலர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் தாளைப் பிரிக்கும் பேச்சே. டெரர் இன்னும் நம்பிக்கை தருகிறது. 2019இல் உள்ளே அனுப்பிய இயந்திரக் கேமராவில் குரோசியரின் அறை மேசை, இழுப்பறைகள் மூடியபடியே தெரிந்தன. வண்டல் பாதி உயரத்துக்கு ஏறியிருக்கிறது, காகிதத்துக்கு அது நல்லதுதான்.